அரை டிகிரி

கண்ணாடிப் பெட்டியின் மேல் படியும் ஈரத்தை மெட்டில்டா துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் அம்மாவின் முகம் தெரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கிவிடும். பெட்டிக்கு அந்தப் பக்கம், அதே கண்ணாடியில் கையை ஊன்றி நின்றபடி அப்பா அந்தக் கதையை ஆரம்பித்திருந்தார். காலையிலிருந்து யார் வந்தாலும் அதே கதைதான்.

"யூனிஸ் எம்.எஸ்ஸி.ல ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆனா வெர்னியர் மட்டும் பாக்க வராது. அரை டிகிரியைக் கோட்டை விட்டுட்டா. ஒரே நாள்ல எடுத்த ரீடிங், அப்படியே ஃபாரின் ஜர்னலுக்குப் போயிடுச்சு. அப்புறம் இஸ்கூல்ல ஆயிரம் பொண்ணுங்களுக்கு அதே வெர்னியரைச் சொல்லிக் குடுத்தா, பாருங்க."

வந்தவர்கள் சிரித்தார்கள். சாவு வீடு என்பதால் கொஞ்சம் அடக்கிச் சிரித்தார்கள், அவ்வளவுதான். மெட்டில்டாவுக்கு அந்தத் துண்டை அப்படியே அப்பாவின் வாயில் அடைத்தால் என்ன என்று இருந்தது.

தாம்பரத்தில் அந்த வீட்டுக்கு வந்துபோன எவருக்கும் இந்தக் கதை தெரியும். ஒளி வளையும் கோணத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரின் வட்டத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் நடுவே ஒரு குட்டைக் கோடு இருக்கும். அது அரை டிகிரி. மிச்சப் பின்னத்தைக் காட்டும் சின்ன அளவுகோலான வெர்னியரைப் பார்க்கிற அவசரத்தில் அந்தக் கோட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகள் செய்கிற தப்பு. 1957இல் மெட்டில்டாவின் அப்பா ஞானாபரணமும் அம்மா யூனிசும் தாம்பரம் கல்லூரியில் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு படிகம் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளந்து எழுதினார்கள். வேறு ஊர்க்காரர்கள் அளந்து பார்த்து, உங்கள் கோணம் தப்பு என்று எழுதிவிட்டார்கள். பேராசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோது ஞானாபரணம் சொன்ன பதில், "ரீடிங் எடுத்தது யூனிஸ் சார்."

யூனிசின் ஆராய்ச்சி அத்தோடு நின்றது. ஞானாபரணம் புதிதாக அளந்து டாக்டர் பட்டம் வாங்கி, துறைத் தலைவராகி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். யூனிஸ் பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தினாள். மெட்டில்டாவும் அங்கேதான் படித்தாள். லேப்பில் முதல் நாள் ஸ்பெக்ட்ரோமீட்டரின் டெலஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பி, தூரத்தில் இருக்கும் திருநீர்மலைக் கோபுரத்தைப் பார்க்கச் சொல்வாள் அம்மா. "தலைகீழாத் தெரியுதா? அப்ப சரியா இருக்குன்னு அர்த்தம்," என்பாள்.

அதே அம்மா, வீட்டுக்கு விருந்தாளி வந்து அப்பா கதையை எடுத்தால், முறுக்குத் தட்டோடு நின்று எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள். மெட்டில்டாவும் சிரித்திருக்கிறாள். புகுந்த வீட்டில் எடுத்துச் சொல்லிக்கூடச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

மத்தியானம் பாஸ்டர் வந்தார். கூடவே எத்திராஜ் சார் வந்தார். அப்பா ஆராய்ச்சியோடு பாடமும் நடத்திய காலத்தில் அவரிடம் படித்தவர், ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். பெட்டியின் தலைமாட்டில் வெகுநேரம் கைகூப்பி நின்றார்.

"சாயந்தரம் சர்ச்சுல அம்மாவைப் பத்தி நாலு வார்த்தை பேசணும். குடும்பத்துல யாரு பேசறீங்க?" என்று பாஸ்டர் கேட்டார்.

"நான்தான் பேசுவேன்," என்றார் அப்பா. "அந்த வெர்னியர் கதையைச் சொன்னா ஜனங்க ரசிப்பாங்க. எத்திராஜ், உனக்கு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா சார்? குட் ஃபிரைடே லீவு. நடமாட்டம் இல்லாத நாளாப் பாத்து ரீடிங் எடுக்கணும்னீங்க. நான்தானே வாட்ச்மேன் கிட்ட லேப் சாவி வாங்கிக் குடுத்துட்டு ஊருக்குப் போனேன்."

"கரெக்ட். குட் ஃபிரைடேதான்." அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த மெட்டில்டா பொறந்ததும் அன்னிக்குத்தான், பாஸ்டர். பொண்ணு பொறந்திருக்குன்னு எழும்பூர் ஆஸ்பத்திரிலேருந்து ஆள் வந்து சொல்றான். நான் டார்க் ரூமை விட்டு அசையலையே. ஈஸ்டர் அன்னிக்குத்தான் போய்ப் பாத்தேன். அப்படி ஒரு வெறி அப்போ."

பாஸ்டர் தலையாட்டினார். மெட்டில்டாவின் கையில் துண்டு அப்படியே நின்றது.

இரண்டு கதையும் அவளுக்குப் பழசு. பெரிய வெள்ளியன்று பிறந்தவள் என்பதால்தான் மூக்குமேல் கோபம் என்று அம்மாவே கேலி செய்வாள். வெர்னியர் கதையில் மட்டும் நாள் கிடையாது, எப்போதும் 'ஒரு நாள்' என்றுதான் வரும். எத்திராஜ் சார் இன்று வெள்ளந்தியாக வாய் திறந்திராவிட்டால் இரண்டும் சேர்ந்தே இருக்காது.

"அப்பா," என்றாள். "அன்னிக்கு அம்மா எங்க இருந்தாங்க?"

"எந்த அன்னிக்கு?"

"குட் ஃபிரைடே அன்னிக்கு. நீங்க டார்க் ரூம்ல இருந்தப்போ."

"ஆஸ்பத்திரிலதான். வேற எங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

எத்திராஜ் சாருக்குப் புரிந்துவிட்டது. அவர் தரையைப் பார்த்தார். ரயில் ஒன்று ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. மெட்டில்டா துண்டைக் கீழே வைத்தாள்.

"என்னைப் பெத்துக்கிட்டு எழும்பூர்ல படுத்திருந்தவங்க, தாம்பரம் லேப்ல எப்படிப்பா ரீடிங் எடுத்தாங்க?"

"இப்ப எதுக்கு அது? அம்மா இப்படிக் கெடக்கறா..."

"கெடக்கறதாலதான் கேக்கறேன். அவங்க தலைமாட்டுல நின்னு காலைலேருந்து அதைத்தானே சொல்லிட்டிருக்கீங்க."

அப்பா பாஸ்டரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குழந்தை வந்தாச்சு. எப்படியும் அவ ஆராய்ச்சியை விட்டு நின்னுதான் இருப்பா. ஒருத்தராவது நிலைக்கணும்ல? அவளே அம்பது வருஷமா ஒரு வார்த்தை சொல்லலை. உனக்கென்ன வந்தது?"

மெட்டில்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய் சொன்னதைக்கூட ஒரு பயந்த இளைஞனின் புத்தி என்று விட்டுவிடலாம். அதைச் சிரிப்புக் கதையாக்கி, பழி சுமந்தவளையே எதிரில் நிற்கவைத்து, ஆயுள் முழுக்க அவள் கையாலேயே காபியும் வாங்கிக் குடித்திருக்கிறார் மனுஷன். அம்மாவின் மேலும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தலைகீழாகத் தெரிந்தால் சரி என்று இந்த வீட்டையும் நினைத்துவிட்டாளா? கண்ணாடியைத் தூக்கி, ஏம்மா சிரிச்சே என்று உலுக்கிக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"பாஸ்டர், சர்ச்சுல நான் பேசறேன்," என்றாள்.

"நீ என்ன பேசுவே?" என்றார் அப்பா.

"அன்னிக்கு அம்மா எங்க இருந்தாங்கன்னு பேசுவேன்."

பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரிம்மா, நீங்களே பேசுங்க," என்றார். எத்திராஜ் சார் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலுக்குப் போய்விட்டார்.

மூன்றரைக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. சவப்பெட்டியை வீட்டிலேயே மூடி எடுத்துப் போகலாம் என்று முடிவாயிற்று. அம்மாவை மாற்றிப் படுக்க வைத்தபின் மெட்டில்டா உள்ளே போய், அம்மாவின் பைபிளுக்குள் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவந்தாள். பித்தளைக் கைப்பிடி போட்டது, வெர்னியர் பார்ப்பதற்காக அம்மா எம்.எஸ்ஸி. படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் வாங்கியது. கண்புரை வந்தபின் அப்பாவும் அதை வைத்துத்தான் பேப்பர் படிப்பார். வெள்ளைக் கையுறை போட்ட அந்த விரல்களுக்குக் கீழே அதைச் செருகினாள். அம்மாவின் கழுத்தருகே புடவை மடிப்பைச் சரி செய்தாள்.

அப்பா உடை மாற்றிக்கொண்டு வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். கையில் அம்மாவின் பைபிள் திறந்திருந்தது.

"பேச்சு நீயே பேசிக்கோ. சங்கீதமாவது நான் வாசிக்கறேன்," என்றார். "லென்ஸ் எங்கம்மா? இதுக்குள்ளதானே இருக்கும்?"

மெட்டில்டா அவர் பக்கம் திரும்பவில்லை. மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்த ஆளிடம், "மூடுங்கண்ணா," என்றாள்.

அவன் மூடியைப் பொருத்தி முதல் திருகை முடுக்க ஆரம்பித்தான். அப்பா கோட்டுப் பையிலும் சட்டைப் பையிலும் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.