ஒபிரி கடையில் மூன்று மெஷின்

கானாவின் குமாசி நகரில், பழைய மெஷின் கடைத்தெருவுக்குள் நுழையும்போதே கொனாடு முடிவு செய்திருந்தாள். கையில் பிடித்து அறுக்கும் கட்டிங் மெஷின், ஒரு டிரில், உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கும் மெஷின். புதிதாகப் பட்டறை போடுகிறவர்களுக்கு இது போதும். தச்சு வேலை படித்தவள் அவள். கணவன் பெடியாகோ டாக்சியை விற்றுப் பணம் போட்டவன். மெஷின் எடுப்பது அவள் பொறுப்பு என்றுதான் பேச்சு.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு மரவள்ளி ரவையும் சர்க்கரையும் மிளகாய்த் தொக்கும் வைத்துப் பூட்ட ஒரு மரப்பெட்டி வாங்காத அம்மா எங்கள் ஊரில் கிடையாது. இந்தப் பருவத்தைக் கோட்டைவிட்டால் பெடியாகோ இன்னொருத்தன் டாக்சியை ஓட்டத்தான் போகவேண்டும். அது ஒன்றுதான் கொனாடுவின் கவலை. தன் தேர்வில் மட்டும் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

கடைக்காரன் ஒபிரி அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. கூட வந்த பெடியாகோவைப் பார்த்து, "வாங்கண்ணே, நேத்து நீங்க முன்பணம் குடுத்தது பத்திரமா இருக்கு" என்று சாக்கை விலக்கினான். கப்பலேறி வந்த டேபிள் ரம்பம் ஒன்று எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்தது.

கொனாடுவுக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்று சர்ச் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன ஆள் இங்கேதான் ஜெபம் செய்திருக்கிறார். பெடியாகோ தலையைச் சொறிந்தான். அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் எல்லாம் இப்படி ஒன்று நிற்கிறதாம், இது இல்லாவிட்டால் ஒருத்தனும் மதிக்கமாட்டானாம்.

"பெட்டி வாங்க வர்ற அம்மா மெஷினையா தடவிப் பாக்கப்போறா?" என்றாள் கொனாடு. "பெட்டிக்குள்ள கையை விட்டுப் பாப்பா. சிராய் குத்துச்சுன்னா அடுத்த கடைக்குப் போயிட்டே இருப்பா."

ஒபிரி ரம்பத்தைக் கரண்டில் போட்டான். அது உறுமிய உறுமலில் பெடியாகோவின் முகம் மலர்ந்துபோயிற்று. கொனாடு கடைவாசலில் இருந்த சின்ன ஜெனரேட்டரைக் காட்டி, அதில் ஓட்டிக் காட்டச் சொன்னாள். அவர்கள் பட்டறையில் இருப்பதும் அதே அளவுதான். எதுக்கும்மா, ஊரில் கரண்டுக்கா பஞ்சம் என்று கேட்டான் ஒபிரி. தினமும் கரண்டு போகிற ஊரில் இதைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் மாட்டினான். ரம்பம் அரைச் சுற்று சுற்றி முனகியது. ஜெனரேட்டர் இருமி, திணறி, அணைந்தது. கொனாடு அதே ஜெனரேட்டரை மறுபடி கிளப்பி, கட்டிங் மெஷினை மாட்டினாள். கொண்டுவந்திருந்த பலகையின்மேல் நேரான சட்டம் ஒன்றைக் கிளாம்பு போட்டு இறுக்கி, அதை ஒட்டியே மெஷினை நடத்தினாள். பலகை நூல் பிடித்த மாதிரி இரண்டாக விழுந்தது.

ஒபிரிக்கு ரோசம் வந்துவிட்டது. "போட்ட காசு உங்களுது. உங்க வீட்ல யாருண்ணே ஆம்பளை?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு முதல்முறையாகக் கொனாடுவுக்குப் பயம் வந்தது. மெஷின் விஷயத்தில் அவள் யாரிடமும் தோற்கமாட்டாள். நாலு ஆண்களுக்கு முன்னால் கணவனின் மானத்தோடு போட்டி போட அவளுக்குத் தெரியாது. பெடியாகோ அந்த ரம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஆசையைப் பார்க்க அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

கடைசியில் அவனே சாக்கை இழுத்து ரம்பத்தை மூடினான்.

"என் வண்டியில ஏறினவன் கியரைத் தொட்டா நடுரோட்டுல இறக்கி விட்டுருவேன்" என்றான். "பட்டறையில நான் ஏறி உக்காந்தவன்தான். முன்பணத்தை அந்தச் சின்ன மெஷின்ல கழிச்சுக்கோ."

ஒபிரி உம்மென்று உள்ளே போய் இரண்டு டிரில்களை எடுத்துவந்து அவனிடம் நீட்டினான். "இதுல எதுண்ணே?"

"என்னை ஏன்யா கேக்கற? மேஸ்திரி நிக்கிறாங்கல்ல, அவங்களைக் கேளு."

ஒபிரி இரண்டையும் தூக்கிக்கொண்டு கொனாடுவின் பக்கம் திரும்பினான்.