ஆளில்லாத கரை

புருஷன் நியான்சு செத்துப்போன செய்தி அகுபாவுக்குத் தொலைபேசியில் வந்தது. சொன்னவள் எல்லைக்கு அப்பால் அபிஜான் நகரில் அவனோடு குடித்தனம் நடத்தியவள். "அக்கா, போன சனிக்கிழமை அடக்கம் பண்ணிட்டோம். உங்களுக்குச் சொல்லாம இருக்க மனசு கேக்கல" என்றாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது? அகுபா "சரி" என்று மட்டும் சொன்னாள். எண்ணெயில் மீன் கருகும் வாசனை வந்தது. திரும்பி, அதைப் புரட்டிப் போட்டாள்.

கடலோர ஊரான ஆக்சிமின் சந்தையில் அவள் அச்செக்கே விற்பவள். புளிக்கவைத்து அவித்த மரவள்ளித் துருவலும் பொரித்த மீனும்தான் வியாபாரம் என்றாலும், பாதிக் கூட்டம் அவள் வாயைக் கேட்கத்தான் வரும். எல்லை தாண்டி வேலைக்குப் போன புருஷன் திரும்பி வராததைக் கேலியாக்கிக் கேலியாக்கியே அவள் இத்தனை வருடம் தலைநிமிர்ந்து நடந்திருந்தாள்.

"எங்கடி உன் வீட்டுக்காரரு?" என்று யாராவது சீண்டினால், "எவளோ ஒருத்தி வீட்டுல கிழங்கு இடிச்சிட்டிருக்கான். நல்ல கை பலம், வீணாப் போகக் கூடாதுல்ல" என்பாள்.

"அவன் செத்தா அழுவியா?"

"கண்ணீர்ல உப்பு இருக்கு. அத மீனுக்குப் போட்டாலாச்சும் கெடாம இருக்கும்."

சந்தையே சிரிக்கும். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழுவது?

வீட்டிலும் முடியாது. ஒரே முற்றத்தைச் சுற்றி இத்தனை குடித்தனம். ஒருத்தி தும்மினால் நாலு அறையிலிருந்து குரல் வரும். குளியலறையில் சற்றுக் கூடுதலாக நின்றால் கதவைத் தட்டுவார்கள். சில நாள் அடக்கிப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை. படகுகள் கடலுக்குப் போகாத நாள் வந்தது. மீன் வாங்க யாரும் வர மாட்டார்கள், கரை காலியாக இருக்கும் என்று நினைத்து, பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கரையில்தான் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். வலையின் கிழிசலைத் தைப்பவர்களும் படகு நிழலில் காய் நகர்த்தி ஆடுபவர்களுமாக ஒரே சத்தம். "அகுபாக்கா! மீனத் தேடி நீயே வந்துட்டியா?" என்று ஒருவன் கத்தினான். பாறைகளுக்கு அந்தப் பக்கம் வெள்ளை அங்கி போட்ட ஜெபக்கூட்டம். போதகர் அவளை நோக்கிக் கையை நீட்டினார். "வா மகளே, உன் மேல ஒரு பாரம் தெரியுது!"

"ஆமா சாமி, வர வர உடம்பு பெருத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப்போட்டாள்.

சாலையில் வாடகை மோட்டார் சைக்கிளோடு கபென்லா நின்றிருந்தான். அவள் வயதுக்காரன், நரைத்த தாடி.

"ஆளே இல்லாத கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போ."

"வெள்ளைக்காரங்கதான் இப்படிக் கேப்பாங்க. உனக்கு அங்க என்ன வேலை?"

"ஓட்டுறது உன் வேலை. கேள்வி கேக்குறது இல்ல."

அங்கோப்ரா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினார்கள். முதலில் போன இடத்தில் புதிய விடுதி ஒன்று முளைத்து, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அடுத்த ஊரான எசியாமாவின் நீண்ட மணலில் இரண்டு பள்ளிகளுக்குள் கால்பந்துப் போட்டி. வெகுதூரம் போய், பட்டுப்போன தென்னைகளுக்கு நடுவே வண்டியைத் திருப்பினான். அங்கே ஒரு காலடித் தடம்கூட இல்லை. அலை கொண்டுவந்து தள்ளிய பழுப்புப் பாசி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து நாறிக்கொண்டிருந்தது. வலை இழுக்க வழியில்லாமல் எல்லோரும் கைவிட்ட கரை.

அகுபா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.

"போப்பா."

"போக மாட்டேன். செருப்பக் கழட்டி வெச்சிட்டு நேரா தண்ணியப் பாத்து நடக்குற. கடைசியா ஏத்திட்டுப் போனவன் யாருன்னு போலீஸ் என்னத்தானே பிடிக்கும்?"

"சாக வரலடா மடையா! அழ வந்தேன்!" என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "என் புருஷன் செத்துட்டாரு."

அந்த 'ஆரு' அவள் காதிலேயே புதிதாக விழுந்தது. இத்தனை வருடத்தில் அவனுக்கு அவள் கொடுத்த முதல் மரியாதை அதுதான்.

கபென்லா தொப்பியைக் கழற்றினான். "யாக்கோ, அகுபா" என்றான். சாவு விழுந்த வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்லும் ஆறுதல் அது. அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் தென்னைகளுக்கு அப்பால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

பாசிக்கு இந்தப் பக்கம் அவள் மணலில் அமர்ந்தாள். வாய்விட்டு அழலாம், கேட்க ஆளில்லை. ஆனால் எந்த நியான்சுவை நினைத்து அழுவது? அவளுக்குத் தெரிந்தவன் கருகருவென்ற தலையோடு பேருந்தில் ஏறிப்போனவன். செத்தவன் எப்படி இருந்தானோ!

தொலைபேசியை எடுத்து அபிஜான் பெண்ணின் எண்ணை அழைத்தாள்.

"அவருக்குத் தலை நரைச்சிருந்துச்சா?"

அந்தப் பெண்ணுக்குக் குரல் அடையாளம் தெரிந்தது. "மொத்தமா நரைச்சிடுச்சு அக்கா. முன்னாடி கொஞ்சம் வழுக்கையும் விழுந்துச்சு. தொப்பி இல்லாம வெளிய வரவே மாட்டாரு."

வழுக்கையைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு நடக்கும் அந்தக் கிழவனை அகுபா பார்த்ததே இல்லை. அவனுக்காகத்தான் அழுகை வந்தது. மறுமுனையில் அவளும் அழுதாள். கணக்கில் இருந்த காசு தீர்ந்து தொடர்பு அறுந்தது. அதன்பிறகு அலைச்சத்தத்தில் அகுபாவின் அழுகை அவளுக்கே கேட்கவில்லை.

வெயில் சாய்ந்தபின் திரும்பினார்கள்.

"ஊர்ல சொல்லிடுவியா?" என்று கபென்லா கேட்டான்.

"எப்படிச் சொல்றது? நீயும் வாயத் திறக்காத."

ஊருக்கு முன்பாகவே, பெட்ரோல் நிலையத்தருகே இறங்கிக்கொண்டாள். அங்கிருந்த குழாயில் முகத்தைக் கழுவி, தலைத்துணியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, மீதித் தூரத்தைத் தனியே நடந்தாள்.