மூன்று இடங்கள்

என் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்ட யாரும் குண்டு கிடையாது. பதினெட்டு வருஷமாக அப்படித்தான். கல்யாணப் பெண்ணின் மேல்கையில் சதை தொங்கினால் அது ஆல்பத்துக்கு வந்து சேராது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இரட்டைத் தாடை இருந்தால் ஒன்று காணாமல் போய்விடும். "அண்ணா, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று கிளம்பும்போது காதோரம் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் பார்த்துப் போடுவேன். இதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை. பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓர் இடுப்பைக் குறைக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது, அதற்குப் போய் என்னத்தைக் கேட்பது?

என் மனைவிக்கு ஒரு பள்ளி வேனில் வேலை. ஓட்டுவது வேறொருவர். பிள்ளைகளை ஏற்றி, இறக்கி, தலையெண்ணி, தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு இறங்கும் வாண்டுகளின் பின்னால் ஓடுவது இவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "அந்த வண்டிய நானே ஓட்டினா என்ன?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. லைசென்ஸ் எடுத்தாள். சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கினாள். வேன்காரருக்கு முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்து, வண்டியை விற்றுவிடப் போகிறேன் என்றபோது முதலில் இவளைத்தான் கேட்டார். மூன்று மாதத்துக்குள் ஒரு லட்சம் முன்பணம், மீதியை ஓட்டி ஓட்டிக் கட்டலாம். இவளிடம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது. வண்டிக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பது வரைக்கும் நாங்கள் சண்டை போட்டு முடித்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் நிறைந்தது. ஊரையெல்லாம் படம் பிடிக்கிற மனுஷன், கட்டிய பெண்டாட்டியைப் பத்து வருஷமாக ஒரு படம் எடுக்கவில்லை என்று அவள் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பாள். அன்றைக்கு ஸ்டுடியோவில் டைமர் வைத்து இருவரும் சேர்ந்து நின்றோம். மறுநாள் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். பழக்க தோஷம், கை தானாகப் போனது. அவள் தாடைக்குக் கீழே கொஞ்சம், மேல்கையில் கொஞ்சம், வயிற்றில் கொஞ்சம். ஆளுயரத்துக்கு பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் மாட்டி, கடை வாசல் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினேன்.

வேலை முடிந்து வந்தவள் அதன் எதிரில் வெகுநேரம் நின்றாள். கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எப்படி?" என்றேன்.

"நல்லாருக்கு. எங்கெங்க எடுத்தீங்க?"

சதையைத்தான் கேட்கிறாள். எனக்குத் தொழில் பெருமை பொங்கிவிட்டது. கிட்டே போய் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். "இங்க, இங்க, அப்புறம் இங்க. மூணே இடம். வேற எங்கயும் கை வைக்கல."

"மூணு இடம்" என்று அவளும் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

என் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் சில வாரம் அவள் ஒரு மாதிரியாக இருந்தாள். வயிற்றில் கன்றிப்போன தடம் ஒன்றைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டேன். வேன் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். தொட்டால் மரத்துக் கிடக்கிறது என்றாள். தைலம் தடவு என்றேன். அத்தோடு என் அக்கறை தீர்ந்தது. அவள் உடம்பில் வேறு என்ன மாறியது என்று கேட்டால், எதுவும் என் கண்ணில் படவில்லை என்பதுதான் நிஜம்.

மூன்றாவது மாதம் வேன்காரர் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கக் கடைக்கு வந்தார். தலை வாரிவிட்டு, முகவாயை நிமிர்த்தச் சொல்லி, சும்மா பேச்சுக்கு, "என்னண்ணே, வண்டியப் பிரியறது கஷ்டமா இருக்கா?" என்றேன்.

"இருக்கத்தான் செய்யுது. அந்தப் பால் கடைக்காரர் மச்சான் நல்லா வச்சுக்குவாருன்னு நெனக்கிறேன்."

"யாரு?"

"உங்களுக்குத் தெரியாதா? தங்கச்சிதான் போன மாசமே வந்து, 'பணம் பொரளலண்ணே, வேற ஆளப் பாத்துக்கோங்க'ன்னு சொல்லுச்சே. அவருகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

அந்தப் படத்தில் அவர் கண்ணை மூடியிருந்தார். திரும்ப எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உள்ளே நுழைந்ததும் கத்தினேன். ஆறு வருஷப் பணத்தை யாருக்குத் தூக்கிக் கொடுத்தாய், உன் தம்பி வந்து கேட்டானா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவள் துணி அடுக்குக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

கத்தி இல்லாமல், மயக்க மருந்து இல்லாமல், கொழுப்பை உறையவைத்துக் கரைக்கும் கிளினிக்கின் பில். தாடை, மேல்கை, வயிறு. ஓர் இடத்துக்கு ஒரு தடவை இருபத்தெட்டாயிரம். ஒரு தடவை செய்தால் அவ்வளவாகத் தெரியாதாம், இரண்டு தடவை செய்ய வேண்டுமாம். முதல் தடவை முடிந்திருந்தது. மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். பாதியை ரொக்கமாகக் கட்டியிருந்தாள். மீதிக்கு மாதம் ஏழாயிரமாகப் பன்னிரண்டு தவணை. அதன் பின்னால் எங்கள் கல்யாண நாள் படத்தின் சின்ன பிரிண்ட். அதில் பேனாவால் மூன்று வட்டம், நான் அன்றைக்கு விரல் வைத்த அதே இடங்களில்.

"இப்படி ஆகணும்னு காட்டினேன்" என்றாள். "படத்தோட வர்றவங்க ரொம்ப கம்மி மேடம், எங்களுக்கு வேலை சுலபம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"உனக்கென்ன பைத்தியமா? அது சும்மா ஒரு படம்!"

"உங்களுக்குப் படம். அவ கண்ணாடிக்குள்ள நாள் பூரா நிக்கிறா. வேன் தெனமும் ரெண்டு வாட்டி அந்த வழியாத்தான் போகுது. பிள்ளைங்க கேக்குதுங்க, 'ஆன்ட்டி, அது உங்க தங்கச்சியா?'ன்னு. நான் ஆமான்னுட்டேன்."

அவள் அந்தச் சின்னப் படத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். உங்க தொப்பைய ஏன் எடுக்கல?"

பார்த்தேன். அவள் பக்கத்தில் நான் நிற்கிறேன். சட்டையின் கடைசிப் பொத்தான் எப்போது தெறிக்கலாம் என்று காத்திருக்கிறது. கழுத்து எங்கே முடிகிறது, தாடை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் படத்தை எத்தனை மணி நேரம் பார்த்திருப்பேன்! என் தொப்பையில் கை வைக்க வேண்டும் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றியதில்லை. அசட்டுத்தனம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. என் கண்ணுக்கு அவள்தான் திருத்த வேண்டியவளாகத் தெரிந்திருக்கிறாள்.

மறுநாள் கடையைத் திறக்காமல் இருவரும் கிளினிக்குக்குப் போனோம். இரண்டாவது தடவைக்கான பணத்தையாவது திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். கவுன்சிலிங் பெண் தண்ணீர் கொடுத்தாள், பொறுமையாகக் கேட்டாள், கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினாள். பணம் திரும்பாது. தவணைக் கம்பெனி மீதிப் பணம் முழுவதையும் எங்களுக்குக் கட்டிவிட்டது, நீங்கள் அவர்களுக்குத்தான் கட்டியாக வேண்டும் என்றாள்.

"மேடத்துக்கு விருப்பம் இல்லன்னா ஃபேமிலில வேற யாருக்காவது மாத்திக்கலாம் சார்" என்றவள், நொடிப்பொழுது என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

என் மனைவி சிரித்துவிட்டாள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. ஆனால் அது சட்டென்று அடங்கிவிட்டது.

"ரிசல்ட்டே தெரியலையே" என்றேன், விடாமல்.

"தெரியுது சார், பாருங்க." கம்ப்யூட்டரைத் திருப்பினாள். முன்பு, பின்பு என்று இரண்டு படங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும்தான், ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக முகம் இல்லாமல். ஒரு கோடு வரைந்து, அரை அங்குலம் குறைந்திருப்பதைக் காட்டினாள். நான் பார்த்தது முன்பு என்று போட்டிருந்ததைத்தான். இடது தோளில் அம்மைத் தழும்பு. மகளைப் பெற்றபோது விழுந்த வரிகள். எனக்குத் தெரிந்த உடம்பு.

"கட்டின பணம் வீணாப் போக வேணாம். இன்னொரு வாட்டியும் பண்ணிக்கிறேன்" என்று எழுந்தாள் என் மனைவி.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே மெஷின் உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஓர் இடத்துக்கு நாற்பது நிமிஷம். மூன்று இடத்துக்கும் காத்திருந்தேன்.

திரும்பி வந்ததும் கடைக்குப் போய் அந்த ஃப்ரேமைக் கழற்றிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். ஒரிஜினலை எடுத்துப் புதிதாக பிரிண்ட் போடலாம் என்று கம்ப்யூட்டரில் தேடினேன். இல்லை. ஊரார் படங்களுக்கெல்லாம் ஒரு காப்பி தனியாக வைப்பேன், நாளைக்கு வந்து கேட்பார்கள் என்று. வீட்டுப் படம்தானே என்று இதை மட்டும் அதன் மேலேயே சேவ் செய்திருக்கிறேன். இந்தப் பத்து வருஷத்தில் என் மனைவி உள்ளபடி இருக்கும் ஒரே படம் அந்தக் கிளினிக்கில் இருக்கிறது. அதற்கு முகம் இல்லை.

பால் கடைக்காரர் மச்சான் வேனுக்கு நீல பெயிண்ட் அடித்துவிட்டார். எங்கள் சண்டையில் அவள் கேட்ட நிறம் அது. நேற்றுக் காலை வண்டி எங்கள் கடைக்கு எதிரில் வந்து நின்றது. அவள் இறங்கி, ஒரு குட்டிப் பெண்ணைத் தூக்கி உள்ளே விட்டு, பையை வாங்கி மாட்டி, தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முகத்தில் வெயில். எவ்வளவு நன்றாக இருந்தாள்! உள்ளே ஓடிப் போய் கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதையும் மாற்ற மாட்டேன், இப்படியே ஒரு படம் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இங்க பாரும்மா" என்று கூப்பிட்டேன்.

திரும்பினாள். கேமராவைப் பார்த்தாள். உடனே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் பையை எடுத்து வயிற்றின் முன்னால் பிடித்துக்கொண்டாள்.