சந்தனம் வைத்த படகு

கார் வாங்காமலே கார் ஷெட் கட்டிய மனிதருக்கு நான் வாழ்க்கைப்பட்டேன். வடக்குப்பட்டு தாண்டி உள்ளே வந்தால் எங்கள் லேக் வியூ நகர். இங்கே எல்லாரும் முன்னால் ஷெட் விட்டு வீடு கட்டினார்கள், நாங்களும் விட்டோம். ஏழு வருஷமாக அதில் என் ஸ்கூட்டியும் கல்லாகிப்போன இரண்டு சிமெண்ட் மூட்டையும்தான் நின்றன. போன வைகாசியில் ஒரு மினி லாரி பின்பக்கமாக வந்து, பதினான்கு அடிப் படகு ஒன்றை அதற்குள் இறக்கிவிட்டுப் போனது.

கடற்கரைச் சாலையில் மூடிப்போன ஏதோ ரிசார்ட்டின் பைபர் படகாம். குளத்தில் ஜோடி ஜோடியாக ஏற்றிச் சுற்றியது. நாலைந்து வருஷம் வெயிலில் கவிழ்ந்து கிடந்ததில், தொட்டால் நீலச் சாயம் மாவு மாதிரி கையில் ஒட்டியது. அடிப்பக்கம் என் முழங்கை நீளத்துக்கு ஒரு வெடிப்பு. உள்ளே பல்லி முட்டைகள்.

ஊரெல்லாம் காரை நிறுத்துகிற இடத்தில் நாம் படகையா நிறுத்தப் போகிறோம் என்று கேட்டேன். அவர் டேப்பை இழுத்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் கண்ணப்பன் ஒரகடத்தில் பஸ்ஸுக்கு பம்பர் செய்கிற கம்பெனியில் பைபர் செக்‌ஷன். பைபர் மேட் என்கிற நார்த்துணியை விரிப்பது, ரெசின் பூசுவது, காற்று நிற்காமல் ரோலரால் தேய்ப்பது, பதினான்கு வருஷமாக இதே வேலை. அதனால் தெரியாத வேலையில் கை வைத்தார் என்று சொல்ல மாட்டேன். எதற்காகக் கை வைத்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகையில் வந்த புயலில் ஏரி நிரம்பி எங்கள் நகருக்குள் வந்துவிட்டது. மனை விற்றவன் லேக் வியூ என்று பெயர் வைத்தபோது நாங்கள் சிரித்தோம், அவன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வர வேண்டியவர். எட்டு மணிக்கு போன் செய்தேன். பஸ் எடுக்கவில்லை, ரோடு அடைத்துவிட்டார்கள், வர வழியில்லை என்றார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் பத்திரமாக இருங்கள் என்று சொல்லி வைத்தேன். அந்த வீறாப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

மாடிப்படி வெளியே பின்பக்கம். தண்ணீர் அழுத்தியதில் கதவைத் திறக்க முடியவில்லை. அப்போது ஆறு வயதான மகள் சுபஸ்ரீயை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல் மேடைமேல் ஏறி நின்றேன். மூன்று மணிக்கு எதிர் வீட்டு மணிகண்டபிரபு ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே வந்தான். கேட்டரிங் வைத்திருப்பவன், ஜன்னலுக்கு வெளியே பெரிய பிரியாணி அண்டாவைக் கட்டியிருந்தான். குழந்தையை ஜன்னல் வழியே இறக்கி அதில் உட்கார வைத்து மிதக்க விட்டு, நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டு மாடிக்கு நடந்தேன். அவர் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார்.

பத்து நாள் கழித்து ரேஷன் கடையில் மரகதம் பேச்சுக் கொடுத்தாள். அவள் புருஷனும் அதே செக்‌ஷன்தான். அவர் அன்றைக்குக் காலையிலேயே நடந்து வீடு வந்துவிட்டாராம். "உங்க வூட்டுக்காரரு ஓடி-க்கு நின்னுட்டாராமே" என்றாள். ஓவர்டைமுக்குத்தான், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு வந்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம்.

அன்றிலிருந்து அவருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. வானம் கொஞ்சம் கறுத்தால் சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்குப் போவார். போனில் ரேடார் மழைப் படம் பார்ப்பார். ஐப்பசி பிறந்தால் தினமும் ஒரகடம் ரோட்டுச் சிறுபாலம் வரைக்கும் போய்த் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கும் அது தொற்றிக்கொண்டது. ராத்திரி குழாய் சொட்டினாலும் எழுந்து தரையைத் தொட்டுப் பார்ப்பேன்.

படகு வந்த பிறகு அவருக்கு அலைய ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து வந்தால் டீ கூடக் குடிக்காமல் படகைத் தேய்க்கிற கிரைண்டரைப் போடுவார். தூசி வீட்டுக்குள் வராத இடமில்லை. அவர் சட்டையோடு சேர்த்துத் துவைத்த என் பாவாடை இரண்டு நாள் அரித்தது. வெள்ளைத் தூள் பூசிய முகத்தோடு அவர் நின்றால் சுபஸ்ரீ விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. இந்த வேகத்தில் பாதியாவது அன்றைக்கு இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ரொம்பக் கறார். உப்புத் தாள் போட்டுத் தேய்த்த இடத்தை யாரும் தொடக் கூடாது. கை வேர்வை பட்டால்கூட மேல் மேட் பிடிக்காதாம், நடுவில் விரோதி மாதிரி நிற்குமாம். கம்பெனியில் புதுப் பையன்களை இதற்குத்தான் தினமும் திட்டுவாராம். ஒருநாள் சுபஸ்ரீ விரல் வைத்துவிட்டாள் என்று அந்த இடம் முழுவதையும் அசிட்டோன் போட்டுத் துடைத்து மறுபடி தேய்த்தார்.

வெடிப்பைச் சீவி, தேய்த்து, மேட் போடத் தயாராக வைத்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. அவர் கம்பெனி பூஜைக்குப் போயிருந்தார். நான் வீட்டில் ஸ்கூட்டிக்கு, கிரைண்டருக்கு, மிக்ஸிக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். கவிழ்த்து வைத்திருந்த படகை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. எத்தனை கோபம் இருந்தாலும் தண்ணீரில் போகப் போகிற பொருள் இல்லையா? அந்த வெடிப்பின் மேலேயே வரிசையாக மூன்று பொட்டு, நன்றாகக் குழைத்த சந்தனத்தில் அழுத்தமாக வைத்தேன். அவர் சொன்ன சட்டம் அந்த நேரத்தில் சத்தியமாக நினைவுக்கு வரவில்லை.

பொரிப் பொட்டலத்தோடு வந்தவர் பார்த்துவிட்டு நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். துணியை எடுத்தார், கீழே வைத்தார். போன வருஷம் பூஜை முடிந்த மறுநாள் சூப்பர்வைசர் ராஜசேகர் கிரைண்டரில் இருந்த பொட்டைத் துடைத்துவிட்டாராம், அதே வாரம் ஒரு பையனுக்கு விரல் போனதாம். அதுவாக உதிர்கிற வரைக்கும் பொட்டை யாரும் தொடுவதில்லை, அவர்கள் லைனில் அதுதான் வழக்கம்.

"தொடைக்கலன்னா புடிக்குமா?" என்று கேட்டேன்.

"சாமிக்கு வெச்சது. அது உள்ளயே இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்கே சந்தனத்தின் மேல் மேட்டை விரித்து ரெசினை ஊற்றினார். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர். காய்ந்ததும் மேலே பச்சைப் பெயிண்ட் அடித்தார், பொட்டும் வெடிப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போயின.

கார்த்திகை முதல் வாரம் நாலு பேரை வைத்துப் படகைப் புரட்டி பழைய டயர்கள் மேல் நிமிர்த்தினார். மறு வாரமே ரெட் அலர்ட் என்று செய்தி வந்தது. ஸ்கூலுக்கு லீவு விட்டார்கள், கம்பெனிக்கு விடவில்லை. அன்று சாயங்காலம் படகுக்குள் ஹோஸ் போட்டு அரை அடிக்குத் தண்ணீர் நிரப்பினார். காலையில் கீழே சொட்டாமல் இருந்தால் படகு பாஸ் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். கயிறு எந்தக் கம்பியில் கட்டியிருக்கிறது, துடுப்பு எங்கே, சுபஸ்ரீக்கு மிதவைச் சட்டையை எப்படிப் போட வேண்டும், மணிகண்டபிரபு எந்தப் பக்கம் நின்று தள்ளுவான். முகத்தில் அத்தனை சந்தோஷம். நாளைக்கு செகண்ட் ஷிப்ட், ரெண்டு மணி பஸ் என்றும் சொன்னார்.

"நாளைக்கு நான் இல்லன்னாலும் உங்களுக்கு பயமில்ல" என்றார்.

இந்த ஆறேழு மாசமாக அவர் செய்துகொண்டிருந்தது இன்னதென்று அப்போதுதான் உறைத்தது. எங்களோடு நிற்பதற்காக இல்லை, அவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கப் படகை ஒரு ஆளாகத் தயார் செய்திருக்கிறார்.

காலையில் அவர் எழுவதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். பச்சைப் பெயிண்ட் மூன்று இடத்தில் பூரி மாதிரி உப்பியிருந்தது. மூன்றும் நான் பொட்டு வைத்த இடம். ஓரத்தில் தண்ணீர் கசிந்து தரையில் சின்னக் குளம் கட்டியிருந்தது.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஷிப்டுக்குப் போக மாட்டார், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஓட்டைக்காக இருப்பார். எனக்காக இருப்பாரா என்று தெரியாமலே போய்விடும். முந்தானையால் கசிவைத் துடைத்தேன், கோணியை எடுத்துத் தரைமேல் போட்டேன். அவர் பல் விளக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, பாஸ் என்று சொல்லிவிட்டு உள்ளிருந்த தண்ணீரை மொண்டு ஊற்றினார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஒன்றரை மணிக்கு யூனிபார்ம் போட்டு, ஷூ கயிறு கட்டக் குனிந்தார். நான் எதிரில் போய் நின்றேன்.

"இன்னிக்கு போவாதீங்க" என்றேன்.

"அதான் போட் கீதே."

"போட் இருக்கட்டும். நீங்க இருங்க. அன்னிக்கு நாங்க பாத்துக்கறோம்னு சொன்னது பொய். காலைலருந்து மூணு மணி வரைக்கும் ரோட்டையே பாத்துகினு நின்னேன். நீங்க ஓடி பாத்துகினு இருந்தீங்க."

கயிறு கட்டுகிற கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. மரகதம் சொன்னாளா என்று கேட்டார். யார் சொன்னால் என்ன, உண்மையா இல்லையா என்றேன். மழைச் சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சிறுபாலம் வரைக்கும் வந்தேன் தாமர. எல்லாரும் கயிறு புடிச்சிகினு எறங்கினாங்க, நானும் எறங்கினேன். இடுப்புக்கு வந்துச்சி. காலுக்கடியில ரோடே இல்ல. எனக்கு நீச்சல் தெரியாது, யாருக்கும் சொன்னதில்ல. கயிற வுட்டுட்டு கரை ஏறிட்டேன். மத்தவங்க போயிட்டாங்க. வூடு அந்தாண்ட கீது, நான் திரும்பி கம்பெனிக்கு நடந்தேன். ராஜசேகர் சார் ஆள் இல்லன்னாரு, நின்னுட்டேன். மெஷின் சத்தத்துல எதுவும் நெனைக்க வேணாம்ல."

பணத்துக்காக நின்றார் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். அதற்கென்று ஒரு கோபம் சேர்த்து வைத்திருந்தேன். பயந்த மனுஷனை என்ன செய்வது? பாவமாகவும் இருந்தது, அதைவிட ஆத்திரமாகவும் இருந்தது. எங்களுக்கு மட்டும் பயமாக இல்லையா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் எழுந்தார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கேட் வரைக்கும் போனார், அங்கேயே நனைந்துகொண்டு நின்றார். பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிய சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து, போனை எடுத்து ராஜசேகரைக் கூப்பிட்டு, இன்றைக்கு வரவில்லை என்றார். வீட்டில் தண்ணீர் வந்துவிட்டதா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "இன்னும் வர்ல சார். வூட்ல இருக்கணும் சார்" என்றார்.

அதற்குப் பிறகுதான் சொன்னேன். ஷெட்டுக்குக் கூட்டிப்போய், குனியச் சொல்லி, உப்பலைக் காட்டினேன். கட்டை விரலால் அமுக்கினார், மேட் தோல் மாதிரி கையோடு வந்தது. அடியில் சந்தனம் மஞ்சளாக அப்படியே இருந்தது. எப்போது பார்த்தாய் என்றார். காலையிலேயே என்றேன். தெரிந்தேதான் என்னை அனுப்ப இருந்தாயா என்று கேட்டார். இல்லை, ஓட்டை தெரியாமலே உங்களை இருக்க வைக்கப் பார்த்தேன் என்றேன். அவர் டயர்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நாலு மணிக்கு ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தது. எங்கள் மொட்டை மாடியில் மழைக்கு ஒதுங்க இடமில்லை, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதற்குள் எதிர் வீட்டு மாடிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தோம். தெரு முப்பது அடிதான், முழங்கால் தண்ணீர்தான். சுபஸ்ரீயைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அவர் வாசல்படியில் நின்றார். காலை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். குழந்தை மேலே இருந்து, போலாம்பா என்றாள்.

நான் முதலில் இறங்கித் திரும்பி நின்று கையை நீட்டினேன். தரை இருக்கிறது, நான் நிற்கிறேன் பாருங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். இறங்கியதும் என் விரல்களை அவர் பிடித்த பிடியில் எலும்பு உடையும் போல இருந்தது. நான் ஓர் அடி வைத்து, தரை இருக்கிறது என்று சொல்வேன், அவர் ஓர் அடி வைப்பார். முப்பது அடிக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. நடுத்தெருவில் ஒருமுறை கண்ணைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார், நின்றுவிட்டார். திரும்பிப் போய்விடுவாரோ என்று என் பிடியை இறுக்கினேன். போகவில்லை.

எதிர் வீட்டுப் படியில் குழந்தையை இறக்கி விட்டதும் அவர் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கோபத்தில் பாதிதான் அந்தத் தெருவில் போனது, மீதி இன்னும் இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.