அடிநீர் இழுத்த பக்கம்

எமில்ராஜ் என் தங்கை கிறிஸ்ரினாவின் கணவன். கடலட்டை எடுக்கச் சிலிண்டரோடு கடலடிக்குப் போகிறவன். பறுவத்துக்கு, முழுநிலவுக்கு, மறுநாள் அடிநீர் விசர் பிடித்து ஓடும், இன்றைக்கு விடு என்று குருநகர்க் கரையிலேயே சொன்னேன். கேட்டால் அவன் எமில்ராஜா? தலையை ஆட்டிவிட்டு முதல் ஆளாகப் படகில் ஏறினான்.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் கீழே இருக்கும்வரை எஞ்சினைத் தொடக்கூடாது, நங்கூரத்தை எடுக்கக்கூடாது. சுழியோடி நங்கூரக் கயிற்றைப் பிடித்துத்தான் மேலே வருவான். அவன் தலைக்கு மேலே எஞ்சின் விசிறி சுற்றினால் என்ன ஆகும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

அவன் இறங்கிக் கொஞ்ச நேரம் நீர்க்குமிழிகள் படகின் பக்கத்திலேயே வந்தன. பிறகு விலகின. பிறகு அலையில் கலந்து போயின. நான் எழும்பினேன், இருந்தேன், மறுபடி எழும்பினேன். என்னோடு வந்த செல்வரட்ணம் அண்ணை வெற்றிலையை மென்றுகொண்டு, படகை ஆட்டாமல் இருக்கச் சொன்னார். அந்தப் பொறுமையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிலிண்டரில் காற்று முடிகிற நேரமும் நெருங்கிவிட்டது. அவன் வரவில்லை. மேலே மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. மிதந்த பாசியெல்லாம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. தூண்டில் நூலில் ஈயக்குண்டையும் ஒரு சாக்குத் துண்டையும் கட்டி ஆழத்துக்கு விட்டுப் பார்த்தேன். நூல் மேற்குப் பக்கமாகச் சரிந்து, கையை அறுக்கிற மாதிரி இழுத்தது.

 மேல்நீர் ஒரு பக்கம், அடிநீர் மறுபக்கம். அவன் மேற்கே அள்ளுண்டு போயிருந்தால் நாங்கள் இங்கே காவல் இருந்து என்ன பயன்? செல்வரட்ணம் அண்ணை விடவில்லை. கயிறு இல்லாவிட்டால் அவன் எதைப் பிடித்து வருவான் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கடைசியில் கயிற்றைப் படகிலிருந்து அவிழ்த்து, அதன் நுனியில் வெறும் மண்ணெண்ணெய்க் கானைக் கட்டி மிதக்க விட்டேன். எஞ்சினைத் தொடவில்லை. துடுப்புப் போட்டுத்தான் மேற்கே போனோம்.

எவ்வளவு தூரம் போனோமோ தெரியாது. தோள்மூட்டு கழன்றுவிடும்போல வலித்தது. எழும்புகிற ஒவ்வொரு அலையும் அவன் தலையாகத் தெரிந்தது. கிறிஸ்ரினா இந்நேரம் சமைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முன்னால் போய் நின்று என்ன சொல்வேன்? அந்தோனியாரே, அந்தோனியாரே என்று வாய் முணுமுணுத்தபடி இருந்தது. மேற்கே ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்தபோது செல்வரட்ணம் அண்ணைதான் முதலில் கண்டார். கானைக் கட்டிப்பிடித்தபடி ஒரு தலை.

அடிநீர் அவனை மேற்கே இழுத்தது உண்மைதான். ஆனால் பாறைத் திட்டில் மோதிச் சுழித்து, வட்டமடித்து, அவனைத் திருப்பிக் கொண்டுவந்து நங்கூரத்தடியிலேயே தள்ளியிருக்கிறது. காற்று முடிகிற நேரத்தில் கயிற்றைப் பிடித்து மேலே வந்தவன் கண்டது என்ன? ஒரு கான். தண்ணீர் மட்டத்தில் தலை மட்டும் தெரிய மிதப்பவனுக்குத் தூரத்தில் போகிற படகு எங்கே தெரியப் போகிறது?

இரண்டு பேருமாக இழுத்துப் படகில் போட்டோம். ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். அவன் உதடெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது.

"விட்டிட்டுப் போட்டியள் எண்டு நினைச்சன், அண்ணை."

நான் கயிற்றை இழுத்துக் கானைத் தூக்கினேன். அதன் கைப்பிடியில் அவனுடைய கழுத்துச் சங்கிலி சுற்றிக் கொளுவியிருந்தது. கலியாணத்தன்று கிறிஸ்ரினா போட்ட சிலுவைச் சங்கிலி.

"கை விறைச்சுப் போச்சு," என்றான். "அதெண்டாலும் அவளிட்டைப் போய்ச் சேரட்டும் எண்டுதான்."

ஏச்சு எங்கே போனதோ தெரியவில்லை. சங்கிலியைக் கழற்றி எடுத்து அவன் கழுத்தில் போடப் பார்த்தேன். துடுப்புப் போட்டு மரத்துப்போன என் விரலுக்குக் கொளுக்கி மாட்டுப்படவே இல்லை. நான் மாட்டி முடிக்கும்வரை அவன் அசையாமல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.