விருந்தாளித் தண்ணீர்

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் போர் தண்ணீரில் கஞ்சி காய்ச்சினால் உப்புப் போட வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரால் எங்களுக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

சங்கையாவின் மகள் ஜெகதீஸ்வரி மதுரையில் ஆராய்ச்சி செய்தது அந்த உப்பை எடுக்கத்தான். தண்ணீர் வடிக்கும் சவ்வுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள்களைக் கலக்க வேண்டும். சும்மா கலந்தால், கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி அவை ஒரே மூலையில் கூடிக்கொள்ளும், சவ்வு கெட்டுப்போகும். அதனால் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதுபோல ஒவ்வொரு துகளிலும் பாலிமர் இழைகளை ஒட்டவைத்தாள். துகள்கள் பரவலாக விலகி நின்றன, சவ்வையும் பிடித்துக்கொண்டன. உப்பு நின்றது, தண்ணீர் தாராளமாக இறங்கியது.

அந்தச் சவ்வு பொருத்திய இயந்திரம் முதலில் ஒரே ஒரு ஊருக்குத்தான். அது தன் ஊராக இருக்க வேண்டுமென்று, விஞ்ஞானியாக இருந்தும், ஜெகதீஸ்வரி குலசாமிக்கு நேர்ந்துகொண்டாள். தண்ணீரில் உப்பு அதிகமுள்ள ஊரைத் தேர்ந்தெடுக்க ராஜகுரு என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். சங்கையா வீட்டுத் தொட்டியில் மீட்டரை விட்டார்.

"உப்பே இல்லையேம்மா?"

ஜெகதீஸ்வரி அப்பாவைப் பார்த்தாள்.

"லாரித் தண்ணி வாங்கி ஊத்திட்டேன் தாயி," என்றார் சங்கையா மெதுவாக. "வந்தவுகளுக்கு உப்புத் தண்ணியிலயா டீ போடுறது? நம்மள என்ன நெனப்பாக?"

போர் மோட்டாரைப் போடலாமென்றால் கரண்டு இல்லை. அவள் ஓடிப்போய் அடுப்படியிலிருந்து ஒரு குடம் போர் தண்ணீர் கொண்டுவந்தாள். ராஜகுரு சிரித்தார்.

"மெஷினு செஞ்சவுக நீங்க. நீங்களே கொண்டாந்தா எப்படிம்மா ஏத்துக்கிறது? பக்கத்து வீட்ல பாப்போம்."

பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் ஜீப்பைப் பார்த்த உடனேயே கேன் தண்ணீரைச் செம்பில் ஊற்றித் தயாராக நின்றாள்.

"போர் தண்ணியக் குடுங்க அத்தை!" என்று கத்தினாள் ஜெகதீஸ்வரி.

"போடி, வெளாடாத. ஆபீசருக்குப் போயி அதையா குடுப்பாக?"

அடுத்த வீடும் அப்படித்தான். மானமுள்ள தெரு.

ராஜகுரு டீ குடித்தார். இவ்வளவு ருசியான டீயை இந்தப் பக்கத்திலேயே குடித்ததில்லை என்றார். சங்கையாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் இயந்திரம் வேறொரு ஊருக்குப் போனதாகச் செய்தி வந்தது. அங்கே கூசாமல் உப்பு டீ கொடுத்தார்களாம். ஜெகதீஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமுமாகத் தொண்டை வறண்டது. லாரித் தண்ணீர் மிச்சம் ஒரு குடம் மூலையில் மூடியிருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு அதனருகே போனாள்.

"அத எடுக்காத தாயி," என்றார் சங்கையா. "யாராச்சும் வந்தா வேணும்."