தண்ணீர் ஆலைக்கு ஒரு பாட்டில்

செர்வா பாக்கெட்டின் முனையைக் கடித்துத் துப்பிவிட்டு ஒரே மூச்சில் தண்ணீரை உறிஞ்சினாள். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த தொண்டை. பந்தலுக்கடியில் கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க அதே பாக்கெட்டைத்தான் கடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய ஆலைத் தண்ணீர். மிலானில் வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டித் துடைத்துச் சேர்த்த காசெல்லாம் கானாவில் அந்த ஆலையாகத்தான் நிற்கிறது. மைக்குக்காரன், யார் என்ன மொய் வைத்தார்கள் என்று ஊருக்கே முழங்கிக்கொண்டிருந்தான்.

அப்பாவின் தங்கை போமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஆலை மிஷினை ஓட்டலாமான்னு யோசிக்கிறான் என் பையன்."

"அவன் எதுக்கு யோசிக்கணும் அத்தை? நான்ல சொல்லணும்."

"நீயா? அடியே, ஆலை இப்ப அவனுதுடி."

செர்வாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பன் சொத்து பிள்ளைகளுக்கு இல்லை, அவன் உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்கே என்ற வழக்கம் அவளுக்கும் தெரியும். ஆனால் இது அப்பன் சொத்தா? நிலம் வாங்கியபோது அவள் ஊரில் இல்லை, அவர் பேரில் எழுதினார்கள். அவ்வளவுதானே?

"என் காசு அத்தை. ஊருக்கே தெரியும்."

"தெரியும். பேரு அண்ணன் பேராச்சே. பெரியவங்க முன்னால அவன் 'மகளுக்குக் குடுத்தேன்'னு சொல்லி, நீ நன்றிக்கு ஒரு ஜின் பாட்டில் வச்சு, அவங்க அதைக் குடிச்சிருந்தா எவனும் வாயைத் தொறக்க முடியாது. வச்சியா?"

"என் காசுல வாங்கினதுக்கு நான் எதுக்கு நன்றி சொல்லணும்?"

"அதைத்தானே உங்கப்பன்கிட்டயும் சொன்னே."

சொன்னாள்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா கேட்பார்: "ஒரு பாட்டில் வாங்கிட்டு வாம்மா, பெரியவங்களைக் கூப்பிடுறேன்." கிழவருக்குக் கூட்டாளிகளோடு குடிக்க ஆசை என்று நினைத்துச் சிரிப்பாள். "நான் ஜெப சபைக்காரிப்பா. சாராயத்தைக் கையால தொடமாட்டேன். வேணும்னா ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தரேன்." அவரும் சிரித்துவிடுவார்.

ஏன் விளக்கிச் சொல்லவில்லை? நான் செத்தால் உன் ஆலை உனக்கில்லை என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லையா? இல்லை, தெரிந்தேதான் சும்மா இருந்தாரா? பிள்ளை முறைக்கு அவர் சவப்பெட்டியை அவள்தான் வாங்கினாள். காலையில் அதன்மேல் விழுந்து அழுதாள். இப்போது அந்த அழுகையே தப்போ என்று தோன்றியது. திட்டலாம் என்றால் ஆள் இல்லை.

அத்தை எழுந்து வீட்டுக்குள் போனாள். துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்து செர்வாவின் மடியில் வைத்தாள். சீல் உடைக்காத ஜின் பாட்டில்.

"அண்ணன் கட்டிலுக்கடியில இருந்துச்சு. அவனே வாங்கி வச்சது. 'அடுத்த தடவை வரட்டும், அவ கையில திணிச்சுப் பெரியவங்ககிட்ட கூட்டிட்டுப் போயிடுறேன்'னான்."

செர்வா பாட்டிலையே பார்த்தாள். அப்பா மீது சந்தேகப்பட்ட நெஞ்சு சுட்டது.

"ஏன் எங்கிட்ட குடுக்குறீங்க? உங்க பையனுக்குத்தானே நஷ்டம்?"

"எனக்கென்னடி தெரியும்?" அத்தை எரிந்து விழுந்தாள். "செத்தவன் எனக்கு அண்ணன்."

"குடுக்கிறவரே போயிட்டாரே. இப்ப வச்சா செல்லுமா?"

"அதுவும் தெரியாது."

சபைக்காரி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த குலத்தலைவர் அம்பெம் முன்னால் போய் நின்றாள். வாயைத் திறப்பதற்குள் மைக்குக்காரன் முந்திக்கொண்டான்: "மிலான்ல இருந்து வந்த மக, அப்பா சாவுக்கு ஒரு பாட்டில்! நன்றி, நன்றி!" கூட்டம் கைதட்டியது.

"சாவுக்கு இல்ல," என்றாள் செர்வா. "ஆலைக்கு. அப்பா குடுத்ததுக்கு நன்றி."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பெம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி ஒண்ணை நான் கண்டதில்ல," என்று முணுமுணுத்தார். மூடியைத் திருகி, கொஞ்சம் மண்ணில் ஊற்றி அப்பாவின் பேரைச் சொன்னார். பிறகு ஒரு கிளாஸில் ஊற்றிப் பொதுவாக நீட்டினார். வாங்க எந்தக் கையும் வரவில்லை.

செர்வாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. போமா அத்தை கிளாஸை வாங்கி ஒரே மடக்கில் குடித்து, முகத்தைச் சுளித்தாள்.

"தண்ணி குடுடி," என்றாள்.

செர்வா ஒரு பாக்கெட்டை எடுத்து, முனையைக் கடித்து, அத்தையிடம் கொடுத்தாள்.